சகலை வீட்டு மாடி

எதிர்வீட்டு வாசலில் டாடா சுமோ வந்து நின்ற சத்தம் கேட்டதும், தனகோடி வாயிலிருந்த இட்லியை மெல்லாமலே விழுங்கிவிட்டு ஜன்னலுக்கு ஓடினார்.

வண்டியிலிருந்து ஒரு கல்யாண வீடே இறங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் பையும் வயர் கூடையுமாகப் பெண்கள், தூக்கம் கலையாத குழந்தைகள், வேட்டியை உதறிக் கட்டிக்கொள்ளும் ஒரு பெரியவர், கடைசியாகத் தலையைக் குனிந்தபடி ஒரு பெண். அவளுக்குத்தான் முகூர்த்தப் புடவை எடுக்க வந்திருக்க வேண்டும்.

"எந்த ஊரு வண்டி?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் மனைவி தேவகி.

"எந்த ஊரா இருந்தா இன்னா? நம்ம வூட்டுக்கா வந்துகினு இருக்கு?"

"இல்லன்னு தெரியுது இல்ல? இட்லி ஆறுது, வந்து துன்னுங்க."

தனகோடி அசையவில்லை. எதிர்வீட்டு மாடியிலிருந்து அவருடைய சகலை லோகநாதன், தேவகியின் தங்கை ஹேமலதாவைக் கட்டியவன், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "வாங்க வாங்க! ரூம் ரெடியா இருக்கு! சுடுதண்ணி ரெடியா இருக்கு!" என்று இறங்கி வந்துகொண்டிருந்தான்.

தனகோடிக்கு வயிறு எரிந்தது. சும்மா இல்லை, பற்றிக்கொண்டு எரிந்தது.

"மோர் குடுக்கட்டுமா?" என்றாள் தேவகி. அவளைப் பொறுத்தவரை இது பித்தம். கல்யாண சீசன் வந்தாலே இவருக்குப் பித்தம் ஏறும் என்று டாக்டரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள்.

இந்த எரிச்சலின் நியாயம் புரிய வேண்டுமென்றால் ஆரணியில் அந்தத் தெருவின் நடைமுறை தெரிய வேண்டும். வீட்டுக்கு வீடு பட்டு வியாபாரம். முன் அறையில் ஜமக்காளத்தை விரித்து, பீரோவைத் திறந்து, புடவையை உதறிப் போட்டுக் காட்டுவார்கள். வெளியூரிலிருந்து ஜவுளி எடுக்க வருகிற கும்பல் முதலில் எந்த வீட்டில் கை நனைக்கிறதோ, அந்த வீட்டில்தான் முகூர்த்தப் புடவை எடுக்கும். ஒரு வாய் காபி குடித்துவிட்டால் போதும், பக்கத்து வீட்டுக்காரர் அவர்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அது தெருவுக்கே மரியாதை. ஆகவே அங்கே வியாபாரத் திறமை என்பது புடவையில் இல்லை, காபி டம்ளரோடு வாசலுக்கு யார் முதலில் வருகிறார் என்பதில் இருந்தது. இந்தக் கலையில் தனகோடியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அவர் கையில் டம்ளர் இருக்கும்.

அப்பேர்ப்பட்டவருக்கு வந்து வாய்த்ததுதான் இந்த மாடி.

லோகநாதன் மகனுக்கென்று மாடி கட்டினான். மகன் கம்ப்யூட்டர் வேலை என்று பெங்களூருக்குப் போய்விட்டான். மாடி காலியாகக் கிடந்தது. ஒருநாள் நல்ல மழை. ஜவுளி எடுக்க வந்த பாண்டிச்சேரிக் குடும்பம் ஒன்று கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நின்றது. மாடியில் படுக்க வைத்தான். காலையில் பல் துலக்கியது அங்கே, குளித்தது அங்கே, பொங்கல் சாப்பிட்டது அங்கே. முந்தின நாள் காபியைக்கூடத் தொடாமல் தனகோடி வீட்டில் பார்த்து மடித்து வைத்திருந்த புடவையை மறந்துவிட்டு, முகூர்த்தப் புடவை எடுத்ததும் அங்கேயே. அதோடு, "ரூமுக்கு இன்னாங்க தரணும்?" என்று வேறு கேட்டார்கள்.

அன்றைக்குப் பிடித்தான் லோகநாதன். தினவாடகைக்கு ரூம். வருகிறவன் தங்கவும் காசு கொடுத்தான், எழுந்ததும் கை நனைத்தான், புடவையும் எடுத்தான். மனுஷன் தூங்கி எழுந்து கதவைத் திறக்கும்போதே எதிரில் ஜமக்காளம் விரித்திருந்தால், தெருமுனையில் டம்ளரோடு நின்று என்ன பிரயோஜனம்?

ஆனாலும் தனகோடி ஒரே ஒரு நம்பிக்கையில் இருந்தார். தெள்ளார் பிரிஸில்லா டீச்சர். டீச்சருடைய அம்மா கல்யாணத்துக்குப் புடவை கொடுத்தது தனகோடியின் அப்பா. டீச்சர் கல்யாணத்துக்குக் கொடுத்தது தனகோடி. இப்போது டீச்சரின் பெரிய மகளுக்கு வைகாசியில் கல்யாணம். சர்ச் கல்யாணத்துக்கென்று சந்தன வெள்ளையில், மெல்லிசாக ஜரிகை ஓட, தறிக்காரர் கூடவே நின்று சொல்லிச் சொல்லி ஒரு புடவை நெய்யவைத்து பீரோவில் பூட்டி வைத்திருந்தார். டீச்சர் கேட்கவில்லை. இவராகச் செய்தது. வேறு யாரும் முகூர்த்தத்துக்கு வெள்ளை எடுக்கப் போவதில்லை.

"யாரு வேணா அங்க போவட்டும். டீச்சரு நம்ம வூட்லதான் கை நனைப்பாங்க" என்று தேவகியிடம் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல அவருக்கே சந்தேகம் வந்துகொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை லோகநாதன் வந்து உட்கார்ந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"சகலை, ஒரு விஷயம். உங்க மனசோட வெச்சிக்கங்க."

"சொல்லு."

"மாடிய வாடகைக்கு வுடறேனே, அதுக்கு லைசென்சு ஒண்ணும் எடுக்கல. வூட்டு வரிதான் கட்டிகினு இருக்கேன். தங்கவச்சு காசு வாங்கினா அது வியாபாரமாம், வரியே வேறயாம். யாராச்சும் ஆபீஸ்ல போட்டுக் குடுத்தா ஒரே பேஜாராயிடும்."

தனகோடிக்கு இளநீர் குடித்த மாதிரி இருந்தது. முகத்தைக் கஷ்டப்பட்டுத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"ச்சே, யாரு அப்பிடிப் பண்ணுவாங்க?"

"அதான் சகலை, காலம் கெட்டுக் கெடக்குது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் ஏன்யா சொல்லப் போறேன்?" என்றார் தனகோடி. மறுநாள் ஆபீஸ் திறக்கும் முன்னாலேயே நகராட்சி வாசல் டீக்கடையில் போய் நின்றார்.

அங்கே அகப்பட்டவர் அய்யாக்கண்ணு. ஆபீஸ் பியூன். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு ஃபைல் போக வேண்டுமென்றால் அது அவர் கக்கத்தில்தான் போக வேண்டும். தனகோடி டீயும் மசால்வடையும் வாங்கிக் கொடுத்து, சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்தார்.

"இத்த உள்ள சேத்துடணும்."

"விண்ணப்பமா, புகாரா?" என்றார் அய்யாக்கண்ணு வடையைக் கடித்தபடி.

"புகாரு. லைசென்சு இல்லாத லாட்ஜி. பேரு போடல. போடணுமா?"

அய்யாக்கண்ணுவின் முகம் மலர்ந்தது. "வேணாம் முதலாளி, மொட்டையாவே குடுங்க. புகாருன்னா ஜல்தி ஆயிடும்."

ஜல்தியாகத்தான் ஆனது. அந்த வாரமே பில் கலெக்டர் டேப்போடு வந்தார். மாடியை நீளமும் அகலமுமாக அளந்தார். லோகநாதன் கையைப் பிசைந்துகொண்டு பின்னாலேயே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த தனகோடி அன்று இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். மோர் வேண்டாம் என்றுவிட்டார்.

"பித்தம் எறங்கிடுச்சு போல" என்றாள் தேவகி.

அந்த மாதம் முடிவதற்குள் எதிர்வீட்டில் ஒரு போர்டு ஏறியது. பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. 'நகராட்சி உரிமம் பெற்ற தங்கும் அறைகள்.' சாயங்காலம் ஹேமலதா கிண்ணத்தில் கேசரி எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாத்துக்கு கேசரி?" என்றார் தனகோடி.

"லைசென்சு வந்துடுச்சு மாமா! எவனோ புண்ணியவான் மொட்டை மனு போட்டுக்கீறான். அவங்களே வந்து அளந்து, அவங்களே வரிய மாத்தி, லைசென்சும் போட்டுக் குடுத்துட்டாங்க. வரி கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா வியாபார வரி ரசீது இருக்கு பாருங்க, அத்தக் காட்டினதும் பேங்க்ல லோன் குடுக்கறேன்றாங்க. கட்டிலு, ஃபேனு எல்லாம் வாங்கப் போறாரு."

தேவகி கேசரியை வாயில் போட்டுக்கொண்டு, "முந்திரி நல்லா போட்டுக்கீற" என்றாள்.

தனகோடி கேசரியைத் தொடவில்லை. அவருக்கு மோர் தேவைப்பட்டது.

அடுத்த ஞாயிறு லோகநாதன் மறுபடி வந்தான். மறுபடி முகத்தில் ஈயாடவில்லை. புதுக் கட்டில் வாங்கியவன் முகம் மாதிரி இல்லை.

"இன்னாய்யா, லைசென்சு வந்துடுச்சு இல்ல? இன்னும் இன்னா?"

"லைசென்சு வந்து இன்னா சகலை பண்றது? மாடிக்கு கக்கூஸே கெடையாதே. எல்லாரும் கீழதான் வராங்க. காலையில பாத்தா ரேஷன் கடை க்யூ மாதிரி நிக்கறாங்க. ஹெல்த் இன்ஸ்பெக்டரு வந்து பாத்தாருன்னு வைங்க, இழுத்து மூடிடுவாரு."

"மேலயே கட்டிட வேண்டியதுதானே?"

"கட்டலாம். தண்ணி போவணுமே. பின்னால சந்துல குழாய் பொதைக்கணும். பின்வூட்டு வீரபாகு வுட மாட்டேன்றாரு. சந்து தன்னுதுன்றாரு, கடப்பாரைய எடுத்துகினு வராரு. சொல்லிடாதீங்க சகலை, வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்."

இழுத்து மூடிவிடுவார் என்ற வார்த்தை தனகோடியின் காதில் நாதஸ்வரமாக ஒலித்தது. திங்கட்கிழமை டீக்கடை. அய்யாக்கண்ணுவுக்கு மசால்வடை.

"திரும்பவும் புகாரா முதலாளி?"

"சுகாதாரக் கேடு. ஊரே நாறுதுன்னு எழுதிக்கீறேன்."

"குடுங்க குடுங்க" என்று வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார் அய்யாக்கண்ணு. "ஊருக்கு உங்கள மாதிரி ஆளு வேணும்."

இன்ஸ்பெக்டர் வின்சென்ட் வந்தார். மூக்கைச் சுளித்தார். கீழே பார்த்தார், மேலே பார்த்தார், பின்னால் சந்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இழுத்து மூடவில்லை. பொதுச் சுகாதாரம் கருதி உடனடியாகச் சந்தில் கழிவுநீர்க் குழாய் பதிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கடப்பாரையோடு வந்த வீரபாகுவிடம் அரசாங்க உத்தரவைக் காட்டியதும், அவர் அதே கடப்பாரையால் முதல் கல்லைப் பெயர்த்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மாடியில் ரூமுக்கு ஒரு பாத்ரூம் வந்தது. வெள்ளை டைல்ஸ் ஒட்டினார்கள். சுவரில் ஹீட்டர் மாட்டினார்கள். சுகாதாரச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலிலேயே மாட்டினான் லோகநாதன். அதுவரை வந்தவாசி, கலசப்பாக்கம் வண்டிகளாக வந்த இடத்தில் மெட்ராஸ் வண்டிகள் வர ஆரம்பித்தன.

"ஹேமா வூட்ல போயி ஹீட்டர் தண்ணில குளிச்சிட்டு வந்தேன்" என்றாள் ஒருநாள் தேவகி, தலையில் துண்டோடு. "இன்னா சொகம் தெரியுமா? குழாயத் தொறந்தா ஆவி பறக்குது."

"நம்ம வூட்ல தண்ணி இல்லயா?"

"இருக்கு. நான்தான் வெறகு வைக்கணும்."

கட்டின மனைவியே எதிர்வீட்டில் போய்க் குளிக்கிறாள் என்றால் ஒரு மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான்? அன்றைக்கு மோர் போதவில்லை. ஓமத்தண்ணி குடித்தார்.

சித்திரை பிறந்தது. பிரிஸில்லா டீச்சர் ஃபோன் செய்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறார்களாம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் பெங்களூரிலிருந்து நேராக ஆரணிக்கு வந்துவிடுவார்களாம். ராத்திரி தங்கி, காலையில் புடவை எடுத்துவிட்டு, அப்படியே நகை எடுக்க வேலூர் போகிறார்களாம்.

"தங்கறதுக்கு எங்க டீச்சர்?" என்று கேட்டார் தனகோடி.

"பாக்கலாங்கண்ணா. எங்க வசதியோ அங்க. முதல்ல உங்க வீட்டுக்குத்தான் வருவோம்."

முதலில் உங்கள் வீட்டுக்குத்தான்! தனகோடி ரிசீவரை வைத்துவிட்டு அதைத் தடவிக் கொடுத்தார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை லோகநாதன் வந்து சொன்னதைக் கேட்டதும் அவருக்குப் புத்தி மறுபடி கெட்டது.

"வண்டி நிறுத்தத்தான் எடமே இல்ல சகலை. எல்லாம் தெருவுல நிக்குது. போக்குவரத்துக்கு எடைஞ்சல்னு எவனாச்சும் எழுதிப் போட்டா, ஆபீஸ்லருந்து வந்து தெருவையே சுத்தம் பண்ணிடுவாங்க. இந்த ஒண்ணுதான் எனக்கு பயம். நீங்க யார்கிட்டயும்..."

"சொல்ல மாட்டேன்யா!" என்றார் தனகோடி. எங்கே இவன் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் சிரித்துவிடுவோமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. வண்டி நிற்க இடமில்லை என்றால் டீச்சர் வண்டி எப்படி அங்கே நிற்கும்?

தெருவை ஆக்கிரமித்திருப்பதை எல்லாம் அகற்ற வேண்டும் என்று எழுதினார். 'எல்லாம்' என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டார். அய்யாக்கண்ணு அதைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தார்.

"நெஜமாவே குடுக்கலாமா முதலாளி?"

"இன்னாய்யா கேள்வி? குடு."

புதன்கிழமை லாரியும் ஆட்களுமாக வந்து இறங்கினார்கள். சுமோக்கள் எல்லாம் பத்து நிமிஷத்தில் நகர்ந்து கோட்டை மைதானத்துப் பக்கம் போய்விட்டன. சக்கரம் உள்ளதற்கு அது சௌகரியம். சக்கரம் இல்லாமல் தெருவில் நின்றது ஒன்றுதான். தனகோடி வீட்டு முன்னால் தெருவுக்கு இழுத்து இறக்கியிருந்த தகரக் கொட்டகை, அதன் நெற்றியில் 'தனகோடி பட்டு மாளிகை' என்ற போர்டு, அதற்குக் கீழே சிமெண்டுச் சரிவு.

"அய்யய்யோ, இது எங்க அப்பா காலத்துலருந்து கீதுங்க!"

"இருக்கலாம். ஆனா ரோடு அதுக்கும் முன்னாலருந்து இருக்கு" என்றார் வந்த அதிகாரி.

"யாருங்க புகார் குடுத்தது?"

"தெரியல. பேரு போடல. ஆனா நல்ல மனுஷன். 'எல்லாம்'னு கோடு போட்டுக் குடுத்துக்கீறான், நாங்க பாரபட்சம் பாக்க முடியாது."

தகரம் கிழிந்த சத்தம் கேட்டு எதிர்வீட்டிலிருந்து லோகநாதன் ஓடி வந்தான். தனகோடியின் தோளைப் பிடித்துக்கொண்டான். "எந்தப் பாவி சகலை இப்பிடிப் பண்ணது? நாசமாப் போவ!" என்று வாய்விட்டுச் சபித்தான். தனகோடியும் வேறு வழியில்லாமல், "நாசமாப் போவ" என்று கூடச் சேர்ந்து சபித்தார்.

சாயங்காலம் பார்த்தால், கொட்டகை இருந்த இடம் பளிச்சென்று காலியாகக் கிடந்தது. வண்டி திருப்ப வாகாக இருந்தது. மறுநாள் லோகநாதன் வீட்டுக்கு வந்த வேன் ஒன்று அங்கே ஒரே வெட்டில் திரும்பி, அழகாக அவன் வாசலை ஒட்டி நின்றது.

வெள்ளிக்கிழமை வந்தது. தனகோடி மதியத்திலிருந்தே தெருமுனையில் பிளாஸ்க்கும் டம்ளர்களுமாக நின்றார். வீட்டுக்கு வரும்வரை காத்திருப்பதில் இனி அவருக்கு நம்பிக்கை இல்லை. வண்டியிலேயே கை நனைக்க வைத்துவிடுவது என்று முடிவு.

வெயில் தாழ்ந்ததும் டீச்சர் வேன் வந்தது. தனகோடி நடு ரோட்டில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னாங்கண்ணா, இங்கயே நிக்கறீங்க?" என்று டீச்சர் பதறிப்போய் இறங்கினார்.

"ஒண்ணும் இல்ல டீச்சர், காபி. முதல்ல ஒரு வாய் சாப்டுங்க."

"வீட்டுக்கே வந்து..."

"வீட்டுலயும் சாப்பிடலாம். இது வழிக்கு."

டீச்சர் சிரித்துக்கொண்டே டம்ளரை வாங்கினார். வாயருகே கொண்டுபோனார். தனகோடி மூச்சைப் பிடித்துக்கொண்டார். பீரோவில் இருந்த வெள்ளைப் புடவை அவர் கண் முன்னால் தானாகவே விரிந்தது.

"சம்மந்தி!" என்று ஒரு குரல். மாப்பிள்ளையின் தாய்மாமா, தலைக்குக் குளித்து, புதுச் சட்டை போட்டு, மணக்க மணக்க நடந்து வந்துகொண்டிருந்தார். "நாங்க அப்பவே வந்துட்டோம். தகரக் கொட்டகை அடையாளம்னு சொன்னீங்களே, தெரு பூரா தேடினோம், கொட்டகையே இல்ல. அப்புறம் பெரிசா போர்டு போட்ட வூடு ஒண்ணு இருந்துச்சு, அங்கயே எறங்கிட்டோம். குளிச்சு, பஜ்ஜி காபி எல்லாம் ஆயிடுச்சு. நீங்களும் வாங்க."

டீச்சர் டம்ளரை இறக்கினார். மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்த வீடு ஒன்று, பெண் வீட்டார் கை நனைத்த வீடு ஒன்று என்றால் கல்யாணத்தில் அதைவிட வம்பு வேண்டுமா? இரண்டு தலைமுறையாக இந்தத் தெருவுக்கு வந்து போகிறவருக்கு அது தெரியாதா?

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா" என்று டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

வேன் டிரைவர் மட்டும் இறங்கி வந்து அந்தக் காபியைக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்று இன்னொன்றும் வாங்கிக் குடித்தார். டிரைவருக்குப் புடவை எடுக்கிற வேலை எதுவும் இல்லை.

மறுநாள் போகும் முன்னால் டீச்சர் தனகோடி வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷி. கையில் லோகநாதன் கடைப் பை. தனகோடி அந்தப் பையைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டார்.

"மனசு கஷ்டமாத்தான் இருக்குங்கண்ணா. ஆனா அங்க வாசல்லயே லைசென்சு, வரி ரசீது, சுகாதார சர்ட்டிபிகேட் எல்லாம் மாட்டி வச்சிருக்காங்க. பொம்பளப் புள்ளைங்களக் கூட்டிகினு வரோம், அப்பிடி இருந்தாத்தானே நம்பிக்கையா தங்க முடியும்? வண்டியும் வாசல்லயே நிக்குது."

லைசென்சு தான் வாங்கிக் கொடுத்தது. சர்ட்டிபிகேட் தான் வாங்கிக் கொடுத்தது. வண்டி திரும்புகிற இடம் தன் கொட்டகை இருந்த இடம். இதில் ஒன்றையும் வெளியே சொல்ல முடியாமல் தனகோடி, "ஆமாங்க டீச்சர்" என்றார்.

"சின்னவளுக்கு அடுத்த வருஷம் வச்சிருக்கோம். உங்க வீட்டு மாடியும் சும்மாத்தானே இருக்கு? நீங்களும் ரூம் விட்டீங்கன்னா நேரா இங்கதான் வருவோம். சத்தியமா."

டீச்சர் போனதும் தேவகி பீரோவைத் திறந்து வெள்ளைப் புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஜரிகையைத் தடவினாள்.

"எவ்ளோ ஆசையா நெய்ய வச்சீங்க" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. "வுடுங்க. அடுத்த வருஷம் சின்னப் பொண்ணு கட்டட்டும். மாடிய நாமளும் வாடகைக்கு வுடலாம். நான் சமைக்கறேன். இன்னாத்துக்கு அவங்களப் பாத்துப் பாத்து வயிறு எரியறது?"

அதாவது, இத்தனை நாளும் அவளுக்கு அது பித்தம் இல்லை என்று தெரிந்தேதான் இருந்திருக்கிறது. தனகோடிக்கு வெட்கமாக இருந்தது. அன்றோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டார். ஜன்னலைச் சாத்தினார். மாடிக்கு வெள்ளையடித்தார். ஒழுங்கு மரியாதையாகத் தன் பெயர், அப்பா பெயர், கதவு எண் எல்லாம் போட்டு, கையெழுத்தும் போட்டு, தங்கும் அறை உரிமத்துக்கு முறைப்படி விண்ணப்பம் கொடுத்தார். வாழ்க்கையில் அவர் அந்த ஆபீசில் பெயர் போட்டுக் கொடுத்த முதல் காகிதம் அதுதான்.

ஆடி போனது. ஆவணி போனது. ஐப்பசி மழையில் அடித்த வெள்ளை பாசி பிடித்தது. பில் கலெக்டர் வரவில்லை, டேப் வரவில்லை, வின்சென்ட் மூக்கைச் சுளிக்க வரவில்லை. தெள்ளாரிலிருந்து ஃபோன் வந்தது. சின்னவளுக்குத் தையிலேயே முகூர்த்தம் குறித்துவிட்டார்களாம். ரூம் ஆயிடுச்சாங்கண்ணா என்று கேட்டார் டீச்சர்.

தனகோடி டீக்கடைக்கு ஓடினார். மசால்வடையோடு கூட பஜ்ஜியும் வாங்கினார்.

"அய்யாக்கண்ணு, எம் விண்ணப்பம் இன்னாய்யா ஆச்சு?"

"பத்திரமா கீது முதலாளி. ஒரு குறையும் இல்ல. வரிசையில கீது."

"எப்பய்யா வரும்?"

"விண்ணப்பம்னா அப்பிடித்தான். முன்னால குடுத்தவங்க நெறைய பேரு கீறாங்க. ஒண்ணொண்ணா வரணும் இல்ல? புகாருன்னாத்தான் உடனே போயிப் பாத்து, பதில் எழுதியாவணும்."

"அப்போ லோகநாதனுக்கு மட்டும் எல்லாம் எப்பிடிய்யா அவ்ளோ ஜல்தியா ஆச்சு?" தனகோடிக்கு அழுகையே வந்துவிட்டது.

அய்யாக்கண்ணு பஜ்ஜியை வைத்துவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவரும் உங்கள மாதிரி விண்ணப்பம் குடுத்துட்டு வருசக்கணக்கா நடந்தவருதான் முதலாளி. பாக்கவே பாவமா இருந்துச்சு. 'உங்களப் பாத்தா வயிறு எரியற ஆளு யாராச்சும் கீறாங்களா'ன்னு நான்தான் கேட்டேன், 'எங்க சகலை கீறாரு'ன்னாரு. உங்களுக்கு யாரு கீறாங்க?"